கீழே இருக்கு

தம்பி மகள் எனக்கு ஒரு நாவல் வாங்கி அனுப்பியிருந்தாள். அமானுஷ்யத் துப்பறியும் நாவல். இறந்தவரின் செருப்பையோ சீப்பையோ தொட்டால் போதும், கதாநாயகிக்கு நடந்ததெல்லாம் கண்ணுக்குள் ஓடும். போலீசார் ஜீப் அனுப்பி அவளை அழைத்துப்போகிறார்கள். நான் நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவள். வழக்குச் சொத்து என்று ஒரு பொருள் வந்தால் அதை எப்படிக் கட்டி முத்திரை வைப்பது, எதில் பதிவது, யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்தப் பெண் ரத்தக்கறை படிந்த சட்டையைச் சாட்சிகூட இல்லாமல் மடியில் போட்டுத் தடவுவதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது உண்மை. நாவலாசிரியர் எதிர்பார்த்த நடுக்கம் அதுவல்ல.

நான் படித்து முடித்ததும், அந்த நாவலுக்கு வாசகர்கள் எழுதியிருக்கும் கருத்துகளையும் தம்பி மகள் செல்பேசிக்கு அனுப்பினாள். "நாவலைவிட இது நல்லா இருக்கும் அத்தை" என்றாள். இருந்தது. ஒருவர் முதல் அத்தியாயத்திலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி, அது யார் என்பதையும் ஊருக்கே சொல்லி, ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் விளக்கை அணைக்காமல் தூங்கினாராம்; ஐந்து நட்சத்திரம். மூன்றாமவருக்குப் புத்தகம் அட்டை மடங்கி வந்து சேர்ந்ததில் கோபம். கதையைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஓர் அம்மையார், கதாநாயகி எந்தக் கோயிலில் போய் முடி இறக்கினால் இந்தச் சக்தி நிற்கும் என்று அக்கறையாக எழுதியிருந்தார்.

ஒரே ஒரு கருத்தில் மட்டும் நின்றுவிட்டேன். "எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொல்கிறாள், உடனே நம்பிவிடுகிறார்கள். இதெல்லாம் நடக்குமா?" இரண்டு நட்சத்திரம்.

நடந்தது. கொடைக்கானலில், எங்கள் வீட்டு முன்னறையில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது.

அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். பள்ளிக்குக் கீழ்ச்சரிவில் எங்களுக்கு ஒரு தகரக்கூரை வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி; தம்பி அப்போது பிறக்கவில்லை. அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் சித்திக்கு எல்லாமே அப்பாதான். ஆசிரியப் பயிற்சி முடித்து, அந்த வருடம்தான் அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். காலையில் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, கையில் பிரம்பு இல்லாமல் பள்ளிக்குப் போன முதல் டீச்சர் அவள்தான் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

சித்திக்கு ஒரு வாரப் பத்திரிகை வரும். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸின் மேல், காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் காலிக் கூடைகளுக்கு நடுவே ஏறி வரும். மழைநாளில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பத்திரிகையும் சரிந்துவிடும்; அந்த வாரம் வீட்டில் யாருக்கும் முகம் சரியிருக்காது. காரணம் அதில் வந்துகொண்டிருந்த தொடர்கதை. அதிலும் ஒரு பெண் பொருளைத் தொட்டுக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பாள். இந்தக் காலத்து நாயகியைவிட அவள் ஒரு படி மேல். ஆற்றில் மூழ்கியவனின் கைக்கடிகாரத்தைத் தொட்டால் அவள் தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்துவிடும். தீயில் எரிந்த வீட்டின் சாவியைத் தொட்டால் அவள் முந்தானை புகை நாறும். அவள் கண் மட்டுமல்ல, உடம்பும் அந்த இடத்துக்குப் போய்வரும் என்பது கதையின் ஏற்பாடு. நான் அதை முழுதாக நம்பினேன்.

சனிக்கிழமை மதியம் சமையலறையில் சித்தி அதைச் சத்தமாக வாசிப்பாள். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள். வெள்ளகவி அக்காவும் கேட்பாள். வெள்ளகவி என்பது கொடைக்கானலுக்குக் கீழே ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகவேண்டிய பழைய ஊர். அங்கிருந்து எலுமிச்சையும் காப்பிக்கொட்டையும் சுமந்து வெறுங்காலோடு ஏறி வரும் அந்த அக்கா, சந்தையில் சுமையை இறக்கிவிட்டு எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் இறங்குவாள். தொடர்கதை வந்த பிறகு ஒரு டீ இரண்டானது.

வாசித்து முடித்ததும் கருத்துகள் தொடங்கும். நட்சத்திரம் இல்லாத காலம். ஆனால் யாரும் குறைத்துச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒரே கவலைதான். "இத்தன வாரமாச்சு, அந்தப் புள்ள ஒரு வாய் சோறு தின்னுச்சா? வெறும் வயித்தோட திரிஞ்சா கண்ணுக்குக் கண்டதெல்லாம்தான் தெரியும்."

வெள்ளகவி அக்காவின் கருத்து வேறு. "அது கெடக்கட்டும்மா. பாத்திரத்தத் தொட்டா பாத்திரம் சொல்லும், சேலையத் தொட்டா சேல சொல்லும்ங்கிற. ஒரு வீட்டுல போயி எப்பிடிப் பொழைக்கும்? மாமியாக்காரி ஒளிச்சுத் தின்ன மிச்சரு வரைக்கும் தெரிஞ்சுபோகுமே. எவன் கட்டுவான் அவள?"

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வரும். "இது வேதத்துக்கும் ஒத்துவராது, புத்திக்கும் ஒத்துவராது."

"அப்பறம் எதுக்கு அத்தான் கதவத் தெறந்து வச்சுக் கேக்குறீங்க?" என்பாள் சித்தி.

"காத்து வரட்டும்னு."

"கொடைக்கானல்ல காத்து வரட்டும்னு கதவத் தெறந்து வைக்கிற ஒரே மனுசன் இவுகதான்" என்பாள் அம்மா.

சித்தி மட்டும் கருத்துச் சொல்ல மாட்டாள். வற்புறுத்திக் கேட்டால் பத்திரிகையை மடித்துக்கொண்டே, "அவளுக்குத் தெரியுறது கஷ்டமில்ல. தெரியுதுன்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சதுதான் கஷ்டம்" என்று ஒருமுறை சொன்னாள்.

அந்த வருடம் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். திண்டுக்கல் குடும்பம், வங்கி வேலை. மாப்பிள்ளையோடு அவருடைய அம்மா பெண் பார்க்க வந்தபோது முன்னறையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. குளிரைப் பற்றிப் பேசினார்கள், பஸ்ஸின் வளைவுகளைப் பற்றிப் பேசினார்கள், மறுபடி குளிருக்கே வந்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் அம்மா மேசைமேல் கிடந்த பத்திரிகையைப் பார்த்தார். "அட, நீங்களும் இதப் படிக்கிறீங்களா?" அவ்வளவுதான், அணை உடைந்தது. "கதைன்னு போடுறாங்க. ஆனா கதை இல்லைங்க. எங்க வீட்டுக்காரர் ஊர்ப்பக்கம் ஒரு அம்மா அப்படியே இருந்துச்சு. காணாமப் போன மாட்டோட கயித்தத் தொட்டுச் சொல்லிரும். கிறிஸ்தவங்கதான் நாம, நம்பக் கூடாதுதான். ஆனா மாடு கெடச்சிருச்சே!" அப்பா கூரையைப் பார்த்தார். சித்தி சிரித்தாள். கதை தெரிந்த பெண் என்று அந்த அம்மாவுக்குச் சித்தியைப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் நிச்சயம் முடிந்து சித்தியின் விரலில் மோதிரமும் ஏறியது.

மோதிரத்தைப் போட்ட கையோடு அந்த அம்மா சொன்னார், "கல்யாணத்துக்கப்புறம் வேலை எதுக்கும்மா? ஒன்னய ஒரு சோலி பாக்க விடமாட்டேன். வீட்ல உக்காந்து நிம்மதியா கதை படி."

சித்தியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, அணைக்க மறந்த விளக்குப் போல.

அவளுக்கு இஷ்டமில்லை என்பது எனக்கே தெரியும். கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னாள். "வேலைய விட்டுட்டுப் போக முடியாதுக்கா." அம்மா, "ஒனக்கு என்னடி கொறச்சல்? அந்தம்மா தங்கமாட்டம் இருக்கு" என்றாள். அப்பா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த வாக்கை மாற்றுவது அவருடைய நடைமுறையில் இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததைத் தானே சிவப்பு மையில் குறித்துக்கொள்ளும் மனிதர் அவர். எனக்கோ கல்யாணத்துக்கு வெல்வெட் பாவாடை வருவதாக இருந்தது. ஆகவே நானும் பேசவில்லை.

எங்கள் சபையில் ஒரு நடைமுறை உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடுவே போதகர் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று சொல்லி, ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். யாரும் எழுந்து நின்றதில்லை. ஆட்சேபம் என்பதை எல்லா இடத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். கேட்பார்கள், சொல்லத்தான் முடியாது. முதல் ஓலை வாசித்துவிட்டால் பிறகு பின்வாங்குவது இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு. அதாவது, தடுப்பதானால் அதற்கு முன்பே தடுக்கவேண்டும்.

முதல் ஓலைக்கு முந்திய சனிக்கிழமை, மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மறுநாள் ஆராதனைக்கு இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை அதிகம் பேசாத நல்ல மனிதர். ஏரியில் படகு ஓட்டவேண்டும் என்று கூச்சத்தோடு சொன்னார். அப்பாவின் குடையை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார். அவருடைய அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். சித்தி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மா டம்ளரை வாங்கவில்லை, விரலைப் பார்த்தார்.

"மோதிரம் எங்கம்மா?"

"மாவு பெசையும்போது கழட்டி வச்சேன். காணோம்."

சித்தி அதைச் சொன்ன விதம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

வீடு புரண்டது. அரிசிப் பானையில் கைவிட்டார்கள், அடுப்புச் சாம்பலைச் சலித்தார்கள், என் பென்சில் டப்பாவைக்கூடக் கவிழ்த்தார்கள். இல்லை. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஓலை வாசிக்கிறதுக்கு மொத நாளு மோதிரம் போறதுன்னா என்னங்க அர்த்தம்? எனக்கு மனசு சரியில்ல. இந்த வாரம் ஓலை வேணாம், தள்ளி வச்சுக்குவோம்."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய கஷ்டத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. மோதிரம் வந்த சிவப்பு டப்பி அலமாரியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

"தொட்டுப் பாருங்க சித்தி. கதையில வர்ற மாதிரி."

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் அன்பு இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாரும்மா. சும்மா ஒரு தடவ கண்ண மூடிப் பாரு. அந்தக் கதைய இத்தன ஆசையாப் படிக்கிற, சும்மாவா இருக்கும்?"

அப்பா, "வேதத்துக்கும்..." என்று தொடங்கினார். யாரும் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் சித்தி டப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடினாள். தகரக்கூரையில் மழை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

"கீழே இருக்கு."

இந்த இடத்தில் ஒரு வார்த்தைக்கு விளக்கம் சொல்லவேண்டும். கொடைக்கானலில் 'கீழே' என்றால் மலைக்குக் கீழே. வத்தலக்குண்டும் கீழே, மதுரையும் கீழே, சென்னையும் கீழே. "அவரு கீழ போயிருக்காரு" என்றால் சாயங்காலமும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம்; மேற்கொண்டு கேட்பது மரியாதையில்லை. சித்தி அந்த வார்த்தையை அதற்காகத்தான் எடுத்தாள். மோதிரம் மலையிறங்கிப் போய்விட்டது, எங்கே என்று தேடமுடியாது, இனி வராது. உலகத்தில் பாதிக்கு மேல் எங்களுக்குக் கீழேதான் இருந்தது. அதைவிடப் பத்திரமான விலாசம் கிடையாது.

ஆனால் அந்த விலாசத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தாள்.

"அய்யோ" என்றாள் அம்மா. "வெள்ளகவிக்காரி வெள்ளனே வந்தாளே! டீகூடக் குடிக்காம, மழ வருதுன்னு வெரசா எறங்கிட்டா. அடுப்படியிலதான நின்னா!"

"அப்ப அவதான்!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பாத்தீங்களா, எப்படிச் சொல்லிருச்சு இந்தப் புள்ள! இருங்க, என் கொழுந்தனாரு போலீஸ்ல ரைட்டரா இருக்காரு. ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஆளக் கூட்டியாந்து நாலு தட்டுத் தட்டினா தன்னால கக்கிருவா."

இப்போது அந்தப் பேச்சைக் கேட்டால், புகார் எங்கே, எந்த எல்லைக்கு உட்பட்ட ஸ்டேஷன், பெண்ணை எந்த நேரத்தில் எப்படி விசாரிக்கலாம் என்று வரிசையாகக் கேட்டிருப்பேன். கேட்டும் பயனிருந்திருக்காது. நாலு தட்டுக்கு நடைமுறை கிடையாது என்பதை என் வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெள்ளகவி அக்காவை அடிக்கப்போகிறார்கள்.

"அந்தக் கீழே இல்ல!"

சித்தி கத்தினாள். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. பிறகு நினைவு வந்தவள்போல மறுபடி இறுக்க மூடிக்கொண்டாள்.

"அந்தக் கீழே இல்ல. இந்தக் கீழே. வீட்டுக்குள்ளதான். மண்ணு வாசன வருது. ஜன்னலு... பின்னாடி ஜன்னலு. பூந்தொட்டிக்குக் கீழே."

பின் ஜன்னலில் அம்மா வளர்த்த ஜெரேனியம் தொட்டி ஒன்று இருந்தது. அப்பா எழுந்து போனார். தொட்டியைத் தூக்கினார். அடியில் தண்ணீர் வடிவதற்கு வைத்த மண்தட்டில், ஈரமண்ணுக்குள் பாதி புதைந்து மோதிரம் இருந்தது. அதைத் துடைக்காமல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

சித்தி கண்ணைத் திறந்து அந்த மோதிரத்தைப் பார்த்தாள். எல்லாரும் சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் அவள் முகம் ஏன் அப்படி வெளுத்துப்போனது என்று எனக்கு விளங்கவில்லை. சக்தி வந்துபோன களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். கதையிலும் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் களைத்துத்தான் விழுவாள்.

மாப்பிள்ளையின் அம்மா மோதிரத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கடைசியில் சித்தியைப் பார்த்தார். நல்ல வாசகி, கேள்வி சரியான இடத்தில் வந்தது.

"அங்க எப்படிம்மா போச்சு?"

அப்போதுதான் டப்பியைப் பிடித்திருந்த சித்தியின் விரல்களை நான் கவனித்தேன். என் சந்தோஷத்துக்கு அளவில்லை.

"சித்தி நகத்துல மண்ணு!"

எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு விரல் நகங்களுக்குள் கறுப்பாக, ஈரமாக மண். சித்தி கையை மூடினாள்; தாமதம். அம்மா தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கணப்படுப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மாவின் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகச் சேர்ந்துகொண்டு வந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"ஆமா" என்றார். "அது அப்படித்தான் வரும்."

"எது அப்படி வரும்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நீங்க படிச்சீங்களே சம்பந்தியம்மா. ஆத்துல முழுகினவன் கடிகாரத்தத் தொட்டதும் அந்தப் பொண்ணு தல நனஞ்சு போகலயா? அதே மாதிரிதான். இவ மண்ணப் பாத்தா நகத்துல மண்ணு வந்துரும்."

அந்த அம்மாவின் கை தானாக வாய்க்குப் போனது. அந்த அத்தியாயம் அவருக்கு மறக்கவில்லை.

"மோதிரத்த எலி இழுத்துட்டுப் போயிருக்கும். இங்க எலித் தொந்தரவு ஜாஸ்தி" என்றார் அப்பா. எலியைக் கூண்டில் ஏற்றி யாரும் குறுக்கு விசாரணை செய்யமுடியாது. அந்த வகையில் அது நல்ல ஏற்பாடு. "ஆனா இந்த விசயத்த உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். மறச்சது எங்க தப்பு. சின்ன வயசுலருந்தே இவளுக்கு இது உண்டு."

"என்னங்க..." என்று தொடங்கினாள் அம்மா.

"நீ சும்மா இரு. அவுக வீட்டுக்குப் போகப்போற புள்ள. தெரிஞ்சுக்கட்டும்." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்நேரமும் வர்றதில்ல. ஆனா வந்துச்சுன்னா, பாத்திரத்தத் தொட்டா பாத்திரம் சொல்லும், சேலையத் தொட்டா சேல சொல்லும். அலமாரி, பீரோ, தலகாணி, எதுன்னாலும் சரி. அவ கேக்கிறதில்ல. அதுவா சொல்லிரும்."

வெள்ளகவி அக்காவின் கருத்தை அப்பா கதவு வழியாக எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்று நான் வியந்தேன். வரி பிசகவில்லை. மிச்சரை மட்டும் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மாவின் கைப்பை சித்தி பக்கத்து நாற்காலியில் இருந்தது. பெரிய கறுப்புப் பை. அவர் எழுந்த வேகத்தில் கம்பளி பட்டு அது கீழே விழுந்தது. சித்தி குனிந்து எடுத்தாள். அப்பாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பையைக் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு கணம், அதை இரண்டு கையாலும் பிடித்துத் தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"குடும்மா! குடும்மா!"

பை பறிபட்டது. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சீப்பும் சில்லறையும் வேதப்புத்தகமுமாகத்தான் இருந்திருக்கும். எதுவுமில்லாத பையைக்கூட யாரும் தொடவிட்டுவிட மாட்டார்கள் போலிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை முழங்கால் வரை நனைந்து, மலர்ந்த முகத்தோடு ஏரியிலிருந்து வந்தார். "படகு சுத்திக்கிட்டே இருந்துச்சும்மா, கரைக்கு வரவே..." என்றவரை அவருடைய அம்மா முடிக்கவிடவில்லை.

"ஏலே, கெளம்பு."

"இன்னும் சாப்பிடலயேம்மா. கறிக்கொழம்பு வாசன..."

"கீழ போயிச் சாப்பிட்டுக்கலாம்."

மோதிரத்தை அந்த அம்மா கைக்குட்டையால் எடுத்து, விரல் படாமல் முடிந்துகொண்டார். வழக்குச் சொத்தை அத்தனை முறையாகக் கையாண்ட ஒருவரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று, "கீழ போயிச் சொல்லி அனுப்புறோம்" என்றார். மரியாதையான குடும்பம். சொல்லி அனுப்பவேயில்லை.

அவர்கள் போனதும் அம்மா வெடித்தாள். "எந் தங்கச்சியப் பேய் புடிச்சவளாக்கிட்டீங்களே! இனி எவன் வருவான் இவளக் கட்ட?"

"கொழம்பு ஆறுது" என்றார் அப்பா.

எனக்கு வெல்வெட் பாவாடை போயிற்று. அதற்கு ஈடாக, ஞானதிருஷ்டி உள்ள சித்தி கிடைத்தாள். திங்கட்கிழமையே பள்ளியில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் காணாமல் போன பென்சிலுக்கு மூடியையும், தொலைந்த கோலிக்குண்டுக்கு ஜோடியையும் கொண்டுவந்து சித்தியின் மேசைமேல் வைத்தார்கள். சித்தி தொட்டுப் பார்ப்பாள். பிறகு கடைசி பெஞ்சில் யாராவது ஒரு பையனை உற்றுப் பார்ப்பாள். பொருள் வந்துவிடும். வெள்ளகவி அக்கா அடுத்த வாரம் எலுமிச்சையோடு வந்து, "மாப்ள வீட்டுக்காரவுக என்ன சொன்னாக?" என்று கேட்டாள். "எலி வந்துச்சு" என்றாள் அம்மா. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "அந்தப் புள்ள இந்த வாரமாச்சும் சாப்பிட்டுச்சா?" என்று கதைக்குப் போய்விட்டாள்.

நகத்து மண்ணின் அர்த்தம் எனக்கு விளங்கியது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். ஒரு திருட்டு வழக்கில், புதைத்து வைத்த நகையோடு சேர்த்து மண்ணையும் ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அதைப் பதிந்துகொண்டிருந்தபோது பேனா நின்றுவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீதிபதி எட்டிப் பார்த்தார்.

சித்திக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதே பள்ளியில் ஓய்வு பெறும்வரை இருந்தாள். அதே சரிவில் இன்னும் கொஞ்சம் மேலே வீடு. நேற்று அவளிடம் அந்த வாசகரின் கருத்தை வாசித்துக் காட்டினேன். படித்தவர்கள் இதை நம்புவார்களா என்று கேட்கிறார், இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறார் என்றேன். சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு எங்க அத்தானப் பாத்ததில்ல" என்றாள்.

மோதிரம் திரும்பிப் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஓலை வாசிக்கப்படவில்லை. அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் நற்கருணை ஆராதனை. மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்று போதகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். எங்கள் சபையில் திடப்படுத்தல் என்னும் சடங்கு ஆகாத சின்னப் பிள்ளைகளுக்கு நற்கருணை கிடையாது. பெரியவர்கள் வரிசையாக எழுந்து முன்னால் போய் முழங்கால் இடுவார்கள். நான் மட்டும் அவர்களுடைய கோட்டுகளுக்கும் கைப்பைகளுக்கும் காவலாகக் காலியான பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது பிடிக்காது. குளிரும்.

அன்று எங்கள் வரிசையின் முறை வந்தபோது அம்மா எழுந்தாள். அப்பா எழவில்லை. எனக்குத் தெரிந்து அவர் நற்கருணையைத் தவறவிட்டதே கிடையாது. அம்மா அவருடைய கோட்டுக் கையை இழுத்தாள். அவர் தலையை மட்டும் மெதுவாக அசைத்தார். சித்தி பாதி எழுந்தவள், அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அம்மா தனியாகப் போனாள். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

முன்னால் பாட்டுப் பாடினார்கள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் சித்தி, நடுவில் நான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்குக் கதகதப்பாக இருந்தது. தனியாக உட்காரப் பயப்படுவேன் என்று எனக்குத் துணைக்கு இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.